நீட்டிக் கட்டிய கை

சூறாவளி அடித்த வருசம் சுவர் சரிந்து விழுந்து ஸகியாவின் வலது முழங்கை நொறுங்கிப்போனது. கலியாணம் பேசி முடித்திருந்த பெண்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நல்லரெத்தினம் அவளுடைய வாப்பா அச்சிமுகம்மதுவைக் கூப்பிட்டு, தன் கையையே ஆட்டிக் காட்டி விளக்கினார். தோள் மூட்டு குழிக்குள் பந்துபோல எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கையோ கதவுப் பிணைச்சல். மடங்கும், நீளும், அவ்வளவுதான். இவளுடைய பிணைச்சல் இனி அசையாது, எப்படி வைத்துக் கட்டுகிறோமோ அப்படியே இறுகிவிடும் என்றார்.

"மடிச்சுக் கட்டினாத்தான் கை வாய்க்கு எட்டும், காக்கா. நீட்டிக் கட்டினா எட்டாது."

மனுசன் கேட்டாரா? முடக்கைப் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்களோ என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டு மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து, முறிவு வைத்தியர் முகம்மது தம்பியைக் கெஞ்சி, மூங்கில் சிம்பு வைத்து நேராகக் கட்டவைத்தார். வாப்பா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஸகியாவும் நம்பினாள், பாவி மகள்.

கலியாணத்தன்று சேலைக்குள் கை நேராக, அழகாக இருந்தது. அச்சிமுகம்மதுவுக்குப் பெருமைகூட. பிறகு சஹன் வைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சிமாரும் அந்த ஒரே தட்டைச் சுற்றி இருந்து தின்ன, ஸகியாவும் வலக்கையால் ஒரு பிடி எடுத்தாள். கை தோளோடு உயர்ந்ததே தவிர வாய்ப் பக்கம் வரவில்லை. சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பசியில்லை என்றாள். கதவோரம் நின்ற அச்சிமுகம்மது அதைக் கண்டார்.

மாப்பிள்ளை ஜெமீல் தங்கமான பிள்ளை. மடிச்ச கையென்றாலும் நான் கலியாணம் முடித்திருப்பேனே மாமா என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னான். அன்றைக்கு உடைந்தவர்தான் அச்சிமுகம்மது, பிறகு நிமிரவில்லை. தின்ன வலக்கைதான் முறையென்றாலும் இயலாதவருக்கு இடக்கையும் ஆகும் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியும் ஸகியா ஆட்கள் முன்னால் தின்பதில்லை. குசினிக்குள் சுவரைப் பார்த்து இருந்துதான் தின்பாள். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

சில வருசம் கழித்து வாப்பா காய்ச்சலில் விழுந்தார். ஸகியா சோற்றைக் குழையப் பிசைந்து, பாயருகே இருந்து, அந்தக் கையை நீட்டினாள். அது பிசகாமல் அவர் வாயருகே வந்து நின்றது. அவர் வாய் திறக்கவில்லை, கண்ணீர்தான் வந்தது.

"மகள், உன்ட கையை நான்தான்..." என்று தொடங்கினார்.

"தின்னுங்க வாப்பா," என்றாள் அவள். "உங்கட வாய்க்கு எட்டுதுதானே."