ஒற்றைக்கால் போர்வை

"வரிசை முடிவுல கடைசிக் கண்ணியை விட்டுடாதீங்க" என்றாள் மனைவி.

"ஆபீசையே நடத்தினவன்டி நான். இந்தக் குரோஷாப் பின்னலுக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்று அதட்டினார் ஓய்வுபெற்ற மேலாளர். குளிரில் முழங்கால் வலிக்கும் மாமியாருக்குத் தன் கையாலேயே மடிப்போர்வை பின்னித் தருவதாகச் சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

போர்வையோ வரிசைக்கு வரிசை இளைத்து, கடைசியில் ஒரே கண்ணியில் கூராக முடிந்தது.

"என்னங்க, போர்வைக்கு மூக்கு முளைச்சிருக்கு?"

"இது புது டிசைன். உனக்குப் புரியாது."

மாமியார் அதை முழங்காலில் விரித்துப் பார்த்தார். "ஒரு காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு, மாப்பிள்ளை. இன்னொரு காலுக்கு எப்போ?"

"பரிசீலனையில இருக்கு, அத்தை" என்று கம்பீரமாகச் சொன்ன மேலாளர், மனைவி பக்கம் குனிந்து, "அந்தக் கடைசிக் கண்ணி எங்கேடி இருக்கு?" என்றார்.