வெள்ளிக்கிழமை அடக்கம்

"சனிக்கிழமை அடக்கம். அமைச்சரே வர்றாராம்" என்றபடி உல்ரிக்கே போனை மேசைமேல் வைத்தாள். உள்ளறையில் அப்பா எக்கார்ட் கிடந்தார். விடிகாலையில் இதயம் நின்றுபோயிருந்தது. சவப்பெட்டியோடு வர வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை.

ரிம்மா கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஊர் யூதச் சபையின் தலைவி அவள். சேதி கேட்டதும் முதல் ஆளாக ஓடி வந்தவள்.

"உங்க சபையிலேருந்து எத்தனை பேர் வருவீங்க? போலீசுக்குச் சொல்லணும்."

"நீ ஆக வேண்டியதைப் பாரு கண்ணு. நாங்க இன்னொரு நாள் போய்ப் பார்த்துக்கறோம்."

அப்போதுதான் உல்ரிக்கேவுக்கு உறைத்தது. ஐயோ, சனிக்கிழமை! அவர்களுடைய ஓய்வு நாள். அன்றைக்கு வண்டி ஏற மாட்டார்கள், கல்லறைப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள். யூத வெறுப்பை எதிர்க்க மாநில அரசு வைத்த ஆணையராக அப்பா இருந்த காலமெல்லாம், இதற்காகவே எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றார்! பள்ளித் தேர்வைச் சனிக்கிழமையில் வைத்த செயலாளரை, "உங்க மண்டையில என்னய்யா இருக்கு?" என்று கூட்டத்திலேயே கேட்டவர். அவர் பெற்ற மகள் இப்படிச் செய்துவிட்டாள். வெட்கத்தில் காது சுட்டது.

மறுபடி போனை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமைன்னா அமைச்சர் வர முடியாதும்மா" என்றார் செயலக அதிகாரி பென்னோ. "அவர் வரலைன்னா பெரிய காவலும் கிடையாது. ரெண்டே போலீஸ்தான். அந்த மிரட்டலை மறந்துட்டீங்களா?"

மறக்கவா முடியும்? 'உன்னைப் புதைக்கிற அன்னைக்கு வருவோம். உன் மகளும் அங்கேதானே நிப்பா?' என்று போன மாதம்தான் அப்பாவுக்கு யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமையே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை காலையிலேயே வைங்க" என்றாள். போனை வைத்த பிறகும் அதை இறுகப் பிடித்தபடியே நின்றாள்.

ரிம்மா திரும்பினாள். "பயமா இருக்காடி?"

"உயிரே போயிடும்போல இருக்கு."

"எங்களுக்கும்தான். பயந்துக்கிட்டேதான் எல்லா இடத்துக்கும் போறோம், வர்றோம்."

வெள்ளிக்கிழமை சபை மொத்தமும் வந்திருந்தது. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அப்பால் ஒரு சாம்பல் நிற வேன் நின்றது. யாருடையதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் அதை விசாரிக்கப் போனார். பாதிரியார் ஜெபத்தை முடித்தார். பெட்டி இறங்கியது.

"எல்லாரும் கிளம்புங்க" என்றார் மற்ற போலீஸ்காரர். "மண்ணை மெஷின் தள்ளிக்கும்."

ரிம்மா நகரவில்லை. குழிக்காரர் வைத்திருந்த மண்வாரியை எடுத்து, யூதர்கள் தங்கள் சொந்தங்களுக்குச் செய்யும் வழக்கப்படி அதன் முதுகுப் பக்கத்தால் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்டாள். பிறகு நேராகப் பிடித்து இரண்டு முறை. யார் கையிலும் கொடுக்காமல் மண்குவியலில் குத்திவைத்துவிட்டு ஒதுங்கினாள். அடுத்த கிழவர் அதை உருவினார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"என்னம்மா இது? அவர் யூதர்கூட இல்லையே!" என்றார் போலீஸ்காரர்.

"எங்க ஆளு" என்றாள் ரிம்மா. "எங்க ஆளை மெஷின் மூடக் கூடாது."

"ரொம்ப நேரம் ஆகுமே!"

"ஆகட்டும்."

மண் பெட்டிமேல் விழுந்துகொண்டேயிருந்தது. மதிலுக்கு அப்பால் வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வாரி குவியலில் குத்தி நின்றது. இப்போது உல்ரிக்கேவின் முறை.

அவள் மதிலுக்கு முதுகு காட்டி நின்று, அதைப் பிடுங்கினாள்.