கிளென் வீட்டுக் கூரையில் வான்கோழிகள்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் ஆறாது. பக்கத்து வீட்டு கிளெனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும், போன நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நான் மகள் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து என் மேப்பிள் மரத்தில் கை வைத்தான்.

வேலியைத் தாண்டிய கிளைகளை வெட்ட அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டாம். பாதி மரத்தை மழித்துவிட்டான். மிச்சப் பாதி ஜனவரிப் பனிப்புயலில் முறிந்து விழுந்தது. அடிக்கட்டைதான் மிச்சம். மார்ச் பிறந்தால் என் வீட்டுக்காரர் எவரெட் அந்த மரத்தில் வாளி மாட்டிச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுவார். இப்போது அவரும் இல்லை, மரமும் இல்லை. இலை விழுந்து கார் பாழாகிறது என்று காரணம் சொன்னான் பாவி. அவனுடைய கறுப்புக் காரை ஞாயிறுதோறும் முகம் பார்க்கிற அளவுக்குத் துடைப்பான். அவன் வயிறு எரிவதை ஒருநாளாவது பார்க்காமல் கண்மூடக் கூடாது என்றிருந்தேன்.

மார்ச் கடைசியில், குருவிகளுக்காகப் பின்பக்கம் தொங்கவிட்டிருந்த தீனிக்கூண்டின் கீழே காட்டு வான்கோழிகள் கூட்டமாக வந்து நின்றன. இந்தத் தெருவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிந்திய விதைகளைப் பொறுக்கித் தின்றன. பிறகு பெரிய சேவல் ஒன்று வேலி தாண்டிப் போய், கிளெனின் கார்க் கதவில் தெரிந்த தன் உருவத்தைப் பகையாளி என்று நினைத்துக் கொத்து கொத்தென்று கொத்தியது.

அன்றைக்கே ஒரு மூட்டை சோளம் வாங்கி வேலியோரமாகத் தூவினேன்.

அவன் காருக்குப் போர்வை போர்த்தினான். துடைப்பத்தோடு துரத்தப் போனான். சேவல் அவனைத் துரத்தியது. நான் காபியும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்வானேன், நெஞ்சு குளிர்ந்தது. இருட்டியதும் அத்தனையும் அவன் மாடிவீட்டுக் கூரையில் ஏறித் தூங்கின. விடிந்தால் கூரை, போர்வை, வாசல்படி எங்கும் எச்சம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினான்.

"மாரியன், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், தீனிய நிறுத்துங்க. உங்க வீட்டுல தின்னுட்டு என் கூரையில ஏன்தான் வந்து படுக்குதோ?"

"வான்கோழி உசரத்துலதான் தூங்கும், கிளென். தூங்க இங்க ஒரு மரம் இருந்துச்சு."

அவன் அடிக்கட்டையைப் பார்த்தான்.

"புதுசா ஒரு மேப்பிள் கன்னு நட்டுத் தர்றேன்" என்றான்.

"நடு. அது அந்த உசரம் வளர்ற வரைக்கும் உன் வீட்டுலயே தூங்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டுச் சோள டப்பாவை எடுத்தேன்.