ஐந்தாவது துளை

எட்டுச் சக்கரம் வைத்த குளியல் தொட்டி என்றுதான் அந்த வண்டியை முதன்முறை பார்ப்பவர்கள் சொல்வார்கள். பச்சை நிறப் பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே இரும்புச் சட்டம், கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தரையில் ஓடும், சேற்றில் புரளும், தண்ணீர் வந்தால் மிதந்துகொண்டு சக்கரங்களாலேயே துழாவிப் போகும். அதை ஓட்டும் அக்கா அதற்கு வைத்த பெயர் எருமை.

அக்காவுக்குச் சதுப்பு நிலத்தில் வேலை. நாணல்களுக்கு நடுவே நட்ட கம்பங்களில் தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று திங்கட்கிழமைதோறும் படித்துவர வேண்டும். மொத்தம் ஏழு கம்பங்கள். ஆறு கம்பங்கள் ஒழுங்காக நடந்துகொண்டன. மழை பெய்தால் தண்ணீர் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். ஏழாவது மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடியது. மற்ற ஆறும் இறங்கும் வாரங்களில் அது ஏறியது. ஏன் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருடம் விடாமல் படித்தால் ஏதாவது பிடிபடும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். பதினோரு மாதம் முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு திங்கட்கிழமை, ஏழாவது கம்பத்தைப் படித்து முடித்த கையோடு, எருமை அதற்கு அருகில் சேற்றில் படுத்துக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து, இடுப்பு வரை சேற்றோடு அக்கா நடந்தே கரை சேர்ந்தாள். வண்டியை மீட்க இரண்டு நாள் ஆயிற்று. புதன்கிழமை பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு வின்ச் பொருத்தி, வெள்ளிக்கிழமை அவர் முன்னால் தண்ணீரில் இறக்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அக்கா தனியாகப் போகக் கூடாது. துணைக்கு அனுப்ப ஆள் இல்லாததால் ஏழாவது கம்பம் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

"ஒரே ஒரு திங்கக்கிழமை தப்பினாலும் போச்சுடி. பதினோரு மாசமும் தண்டம்," என்றாள் அக்கா.

"நான் பொருத்தித் தரேன்," என்று தங்கை சொல்லிவிட்டாள். சொன்ன உடனே அளவு நாடாவைத் தேடி எடுத்தாள்.

தங்கை மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பில் மின்சார வேலை படிக்கிறாள். எதையும் மூன்று முறை அளந்த பிறகுதான் கை வைப்பாள். நான்காவது முறை அளக்க வேண்டுமோ என்று அன்றிரவு தூக்கத்தில் சந்தேகப்படுவாள். பட்டறையில் அவளுக்கு 'ஸ்கேலு' என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வின்ச் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு மின்மோட்டார், அது சுழற்றும் உருளை, உருளையில் இருபது மீட்டர் கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கியை மரத்திலோ முளையிலோ மாட்டிப் பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். இதில் அவளுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன்க்கா பின்னாடி? முன்னாடி வச்சாதானே போற பக்கம் இழுக்கும்?"

"போற பக்கம் சேறுடி. முன்னாடி வச்சா, இன்னும் நல்லா உள்ள இழுத்துப் புதைக்கும். வந்த பக்கம்தான் தரை கெட்டின்னு எனக்குத் தெரியும்."

"எருமைக்கு வால் முளைக்குதுன்னு சொல்லு," என்றார் அத்தான், வாசற்படியில் உட்கார்ந்தபடி. அக்காவின் கணவர். ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். முழங்கை வரை வெள்ளையாகத்தான் வீடு திரும்புவார். "வாலைப் பிடிச்சு இழுத்தா எருமை பின்னாடி வருமா? உதைக்கும்ல?"

"நீங்க வந்து பிடிச்சுப் பாருங்க," என்றாள் அக்கா.

"நான் எதுக்கு? உன்னைக் கட்டி இழுக்க ஆரம்பிச்சே பத்து வருஷமாச்சு."

தங்கை சிரிக்கவில்லை. கையில் அளவு நாடாவோடு எருமையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வின்ச்சைப் பிளாஸ்டிக் சுவரில் மட்டும் முடுக்கினால், முதல் இழுப்பிலேயே சுவர் அப்பளம் போல நொறுங்கிவிடும். போல்ட்டுகள் சுவரைத் துளைத்து உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு நான்கு துளைகள். மிதக்கிற பொருளில் துளை போடுவது என்ற எண்ணமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதனால் முதலில் தண்ணீர்க்கோட்டைக் கண்டுபிடிக்க நினைத்தாள். பட்டறைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளம் ஒன்று குளமாகியிருந்தது. அக்காவை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து எருமையைக் குளத்தில் இறக்கச் செய்தாள். தானும் மார்பளவுத் தண்ணீரில் நின்று, பின்சுவரில் தண்ணீர் தொட்ட இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்தாள். அலை அடங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"குளிர் எடுக்குதுடி. கோலமா போடற அங்க?" என்று அக்கா கத்தினாள்.

கோட்டுக்குக் கீழே இரண்டு போல்ட், மேலே இரண்டு போல்ட் என்று சட்டம் இருந்த இடத்தைப் பொறுத்து அமைந்தது. நான்குக்கும் படகுக்காரர்கள் பூசும் கறுப்புப் பசையை வழிய வழியப் பூசி, உள்ளே ஒரு இரும்புத் தகடு கொடுத்து முடுக்கினாள். துளையிடும்போது சுருள் சுருளாகப் பச்சைப் பிளாஸ்டிக் காலடியில் விழுந்தது. ஒவ்வொரு சுருள் விழும்போதும் அவளுக்குச் சுரீரென்றது. முன்பக்கமிருந்த பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குச் சிவப்பும் கறுப்புமாக விரல் தடிமனில் இரண்டு ஒயர்கள் வர வேண்டும். அவை வெளியே வர, கோட்டுக்கு மூன்று விரல் மேலே ஒரு வழி போட்டு, ஒயர் உரசாமலிருக்க ரப்பர் வளையம் மாட்டினாள். அது காய்ந்த இடம். அங்கே பசை எதற்கு?

வியாழக்கிழமை இரவு படுக்கையில் நான்கு துளைகளையும் மனதில் எண்ணிப் பார்த்தாள். நான்கும் சரி. தூங்கிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை காலை பாதுகாப்பு அதிகாரி வந்தார். உயரமும் அகலமுமான மனிதர். பளபளக்கும் தோல் காலணி. எருமையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வின்ச்சைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"யார் பொருத்தினது?"

"என் தங்கச்சி சார்."

"கம்பெனி ஆளுங்க கூட இவ்வளவு கெட்டியா முடுக்க மாட்டாங்க," என்றார். தங்கைக்குக் காது சூடாயிற்று. "சரி, இறக்குங்க. நான் பின்னாடி உட்கார்றேன். அது இழுக்கறதை நான் கிட்ட இருந்து பார்க்கணும்."

கரையிலிருந்த மரத்தில் அகலமான பட்டை ஒன்றைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டிவிட்டுத் தங்கை ஒதுங்கி நின்றாள். எருமை குளத்துக்குள் போகப் போகக் கயிறு நீண்டது. பதினைந்து மீட்டரில் அக்கா நிறுத்தினாள். வண்டி மெல்ல ஆடி அடங்கியது. தங்கை வழக்கம்போலத் தன் வெள்ளைக்கோட்டைத் தேடினாள்.

கோட்டைக் காணவில்லை.

அழிந்துவிட்டதோ என்று நினைத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கோடு அழியவில்லை, தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. அவள் கோடு இழுத்த நாளில் பின்பக்கம் வின்ச் இல்லை, தகடு இல்லை, இந்தக் கனமான மனிதரும் இல்லை. கல்லை வைப்பதற்கு முன்பே தராசு முள்ளைப் படித்துவிட்டு, அதை மூன்று முறை சரியும் பார்த்திருக்கிறாள்! தண்ணீர் ரப்பர் வளையத்தின் மேல் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. நான்கு துளைகள் என்று எண்ணினாளே, ஒயருக்குப் போட்டதும் துளைதான். அதை 'வழி' என்று சொல்லி எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

அதிகாரி வின்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியை யாரும் பார்க்கவில்லை. அக்கா வின்ச்சின் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். இன்னும் இரண்டு நிமிடம். இழுத்தால் கரை ஏறிவிடும், அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், ஏழாவது கம்பம் பிழைக்கும். துளையை நாளைக்கு அடைத்துக்கொள்ளலாம். ஒருவேளை தண்ணீர் உள்ளே போகவே இல்லையோ? தான்தான் தப்பாகப் பார்க்கிறாளோ? எத்தனையோ முறை அப்படி ஆகியிருக்கிறது.

ஆனால் எருமை மாட்டிக்கொள்ளும் நாளில் அக்காவுக்குப் பின்னால் எவ்வளவு கனம் ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"அக்கா!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒயர் ஓட்டை தண்ணிக்குள்ள இருக்கு! நான்தான் தப்பா போட்டுட்டேன்! உள்ள பாரு!"

அதிகாரி குனிந்து பார்த்தார். பளபளக்கும் காலணிகளைச் சுற்றி இரண்டு விரல் தண்ணீர் நின்றது.

அக்கா பதறவில்லை. "சார், எந்திரிக்காதீங்க. அப்படியே நகர்ந்து முன்னாடி என் பக்கத்துல வந்துடுங்க." அவர் தவழ்ந்து முன்னால் வந்தார். எருமையின் பின்பக்கம் பெருமூச்சு விட்டது போல மேலே எழுந்தது. ஓட்டை தண்ணீரைவிட்டு வெளியே வந்து சொட்டியது. அக்கா பொத்தானை அழுத்தினாள். கயிறு விறைத்தது. எருமை பின்பக்கமாகவே வந்து, முனகிக்கொண்டே கரை ஏறியது.

அதிகாரி இறங்கி, ஒரு காலை உதறினார், பிறகு மறுகாலை. தங்கை அவர் முன்னால் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொள்வதா தொங்கவிடுவதா என்று தெரியவில்லை.

"ஏம்மா, நீங்க கத்தலைன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேனே?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் கத்தினீங்களா?"

"ஆமா சார்."

அவர் ஒரு காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். "வின்ச் நல்லா இழுக்குது. ஆனா ஓட்டை வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றேன். பின்னாடி நான் உட்கார மாட்டேன். ஓட்டை போட்டவங்க உட்காரட்டும்."

அவர் போன பிறகு அக்கா வாளியை எடுத்து வண்டிக்குள்ளிருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். தங்கை பக்கத்தில் போய் நின்றாள்.

"திட்டுக்கா."

"திட்டற நேரத்துல ஓட்டையை அடைடி. ரெண்டு நாள்தான் இருக்கு."

சனிக்கிழமை அந்தத் துளைக்குள் பச்சைப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வைத்து, சூடான காற்றால் உருக்கி ஒட்டினாள். ஒயர்களைச் சுவருக்குள் விடாமல், மேல் விளிம்பைத் தாண்டி வளைத்துக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோடு இழுக்க வேண்டும். பின்பக்கம் கனமாக ஏதாவது வேண்டும்.

"ரொட்டிக் கடையில இருந்து மாவு மூட்டை நாலு கொண்டு வர்றீங்களா அத்தான்?"

"மாவு நனைஞ்சா நாளைக்கு என்னைத்தான் பிசைவாங்க," என்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பின்னால் ஏறி உட்கார்ந்தார். "எண்பத்தாறு கிலோ. போன மாசம் நிறுத்தது. எழுதிக்கோ ஸ்கேலு."

"மணல் மூட்டையும் ரெண்டு ஏத்தறேன்."

"ஏத்து, ஏத்து. நான் மூழ்கினா உன் அக்காவுக்குத்தான் நிம்மதி."

புதுக்கோடு பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே வந்தது. ஒட்டிய வில்லை அதற்கு அடியில் இருந்தது, உள்பக்கம் உலர்ந்து. பழைய கோட்டை அவள் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை குளத்தில் அரைமணி நேரம் மிதந்தார்கள். தங்கை பின்னால், மணல் மூட்டைகளுக்கு நடுவே. அதிகாரி கரையிலிருந்து கடிகாரம் பார்த்தார். இந்த முறை ரப்பர் காலணி போட்டு வந்திருந்தார். எருமை கரை ஏறியதும் கையை உள்ளே விட்டுத் தரையைத் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தூசிதான்.

"இன்னைக்கு ரெண்டு பேராப் போங்க. நனையாம திரும்பி வந்தா அடுத்த வாரத்திலிருந்து தனியாப் போகலாம்."

அப்படித்தான் தங்கை முதன்முறையாகச் சதுப்பு நிலத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் நாணல். எருமை போன தடம் பின்னால் மூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கம்பத்திலும் அக்கா படித்துச் சொல்ல, அவள் எழுதினாள். ஆறும் இறங்கியிருந்தன. கடைசியாக ஒரு மேடு. அதற்குப் பிறகு கெட்டித்தரை கிடையாது. அங்கே இரும்பு முளை அடித்துக் கொக்கியை மாட்டிவிட்டு, கயிறு நீள நீள பதினெட்டு மீட்டர் தூரம் உள்ளே போனார்கள். தங்கை அடிக்கடி வில்லை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தேய்ஞ்சு போயிடும்டி. விடு."

ஏழாவது கம்பம் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. கொஞ்சம் பாசி, ஒரு நத்தை. அக்கா எருமையைத் திருப்ப, கம்பம் பின்பக்கமாக வந்து தங்கையின் முகத்துக்கு நேரே நின்றது.

"படி," என்றாள் அக்கா.

படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது முறையும்.

"எவ்வளவு?"

"போன வாரத்தை விட நாலு சென்டிமீட்டர் ஜாஸ்தி. ஏன்க்கா?"

"தெரிஞ்சா நான் ஏன்டி இங்க வர்றேன்?"

தங்கை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மேலே வெதுவெதுப்பு. முழங்கை ஆழத்தில் சில்லென்று இருந்தது. கையை எடுத்தாள். பிறகு கம்பத்தின் மறுபக்கத்தில் விட்டுப் பார்த்தாள். அங்கே சில்லிப்பு இன்னும் மேலேயே இருந்தது, அடியிலிருந்து ஏதோ ஊறி வருவது போல.

"அக்கா, கொஞ்சம் நகர்த்து. அந்தப் பக்கம் பார்க்கணும்."

"கயிறு அவ்வளவுதான் வரும்."

"எவ்வளவு மீதி இருக்கு?"

அக்கா திரும்பி உருளையைப் பார்த்தாள். "நாலு சுத்து இருக்கும். அளந்துக்கோ."