நாற்பது கிலோமீட்டர்

வெர்னா பிலிப்சுக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பெருந்தொற்றின்போது அரசாங்கமும் மருந்து நிறுவனமும் நடந்துகொண்ட விதத்தை நான்கு வருஷம் கழித்து ஆராய வந்த விசாரணைக் குழு, சஸ்காட்செவான் மாகாணத்தில் அவளுடைய ஊர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. வெளியே மைனஸ் முப்பது. உள்ளே காபி ஆறிப்போயிருந்தது.

முதியோர் இல்லத்தில் தலைமை நர்ஸ் அவள். தடுப்பூசி வந்த அந்த ஜனவரியில் மட்டும் பதினைந்து பேரைப் பறிகொடுத்தாள். தடுப்பூசி நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாவட்ட ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருந்தது. இறங்கிய இடத்திலிருந்து அதை நகர்த்தக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை அவள் எப்படி அங்கே கொண்டுபோவாள்? மார்ச்சில் அதே நிறுவனம், நகர்த்தினால் ஒன்றும் ஆகாது என்று கடிதம் அனுப்பியது.

"நகர்த்தலாம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று விசாரணைக்கு வந்திருந்த நிறுவனத்தின் டாக்டரிடம் கேட்டாள்.

அவர் காகிதத்தைப் புரட்டினார். "சோதனை முடிஞ்சது டிசம்பர் கடைசியில. கடிதத்தை வக்கீல்கள் பாத்து ஒப்புதல் தரணும் இல்லையா."

மண்டபம் சலசலத்தது. இத்தனை நாளும் அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்றுதான் மனதைத் தேற்றிவைத்திருந்தாள்.

சுகாதாரத் துறை அதிகாரி கில்லிஸ் அம்மாளின் பக்கம் வெர்னா திரும்பினாள். "நீங்களாவது கேட்டீங்களா மேடம்?"

"எழுதிக் கொடுத்த விதியை நாங்க கேள்வி கேக்கிறதில்ல. இப்பத் திரும்பிப் பாத்து யார் வேணா குறை சொல்லலாம், வெர்னா. அன்னிக்குக் கையில இருந்ததை வெச்சு முடிவெடுத்தோம்."

"திரும்பிப் பாத்துச் சொல்லல மேடம். அன்னிக்கே சொன்னேன். பதினோரு தடவை உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன்."

"நேரம் முடிஞ்சது," என்றார் குழுத் தலைவர்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் மட்டும் பலமாகக் கைதட்டினான். தானியக் கிடங்கு நடத்தும் லார்ன். வாசலில் வந்து அவளை மறித்துக்கொண்டான்.

"நல்லாக் கிழிச்ச வெர்னா. அந்த ஊசியே ஏமாத்து வேலைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"லார்ன், ஊசி வேணாம்னு நான் சொல்லவே இல்ல. ஏன் வரலன்னு கேட்டேன். காதுல என்ன வெச்சிருக்க?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. உங்க அத்தை ஐரீன் அந்த ஊசிக்குக் காத்துக்கிட்டே இருந்து ஜனவரி பதினெட்டாம் தேதி செத்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் இருந்தேன்."

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். அப்படிச் சொன்னதற்காக வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினாள் வெர்னா. உள்ளே இருந்தவர்களும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை, வெளியே வந்து பாராட்டியவனும் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் அறிக்கை வந்தது. நானூறு பக்கம். அவளுடைய இல்லத்தைப் பற்றி ஒரே வரி: 'சில இடங்களில் தகவல் பரிமாற்றம் இன்னும் மேம்பட்டிருக்கலாம்.'

அன்றே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினாள்: எந்த இடம், யார், யாருக்குத் தகவல் சொல்லவில்லை, பெயரைப் போடுங்கள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்குத்தான் ஒரு வரி வந்தது, கடிதம் கிடைத்தது என்று.

நான்காவதை நேற்று தபாலில் போட்டிருக்கிறாள்.