இரண்டு மணிக்கொரு முறை

ஃப்ரீசர் பெட்டியின் ஒயர் கூடத்து பிளக்கிற்கு எட்டவில்லை. பெட்டி கொண்டுவந்த ஆள் ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி, "அக்கா, எக்ஸ்டென்ஷன் இதியா? பேகா கொடி" என்று, எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சீக்கிரம் தரச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினான். பெட்டிக்குள் கிருத்திகாவின் தம்பி தருண், முப்பத்து நான்கு வயசு, தாடை கட்டப்பட்டு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டரைக்கு வீடு வந்ததிலிருந்து கிருத்திகாவுக்கு ஒரு நிமிஷம் நிற்க நேரமில்லை. டாக்டர் சர்ட்டிபிகேட், பந்தல், பூ, வருகிறவர்களுக்கு நாற்காலி. சாவு வீட்டில் மூத்தவளாக இருந்தால் அழுவதற்குக்கூட முறை வருவதில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் அவள்தான் ஓட வேண்டியிருந்தது.

தருணின் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அவனுடைய சுழல் நாற்காலியில், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால், அம்மா ஜெயலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள். பெற்ற வயிறு, கூடத்துக்கு வந்து பார்க்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஆணியில் எக்ஸ்டென்ஷன் பெட்டி மாட்டியிருந்தது. கிருத்திகா அதை நோக்கிக் கை நீட்டினாள்.

"அதுல கை வெக்காத."

காலையிலிருந்து அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான். கிருத்திகா வெளியே வந்து, மாடி வீட்டு அன்னம்மாளிடம் வேறொரு பெட்டி வாங்கிக் கொடுத்தாள்.

பதினோரு மணி தாண்டியதும் ஷெர்வின் அவளைத் தெருப்பக்கம் கூப்பிட்டான். தருணோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவன், விவேக் நகர்ப் பையன். காலையில் உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸ் பிடித்ததே அவன்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல." போனை நீட்டினான்.

அதில் இரண்டு வரிகள் இருந்தன. 'தருண் இருக்கான். 9:01.' அதற்குக் கீழே, 'தருண் இருக்கான். 11:02.'

கிருத்திகா இரண்டு முறை படித்தாள். திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். கண்ணாடி மூடிக்குக் கீழே தம்பியின் நெற்றி தெரிந்தது, விபூதி தெரிந்தது. அவன் எங்கும் போகவில்லை. அங்கேதான் இருந்தான்.

"என்னடா இது?"

"அவனோட சாஃப்ட்வேர்க்கா. அந்தக் கரன்சி டிரேடிங்."

அந்தச் சனியனைக் கிருத்திகாவுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்பு ஆறுவதுகூடத் தெரியாமல் தருண் அவளுக்கு விளக்கியிருக்கிறான். யூரோவின் விலை காலையெல்லாம் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மத்தியானம் லண்டன்காரன் கடையைத் திறக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு கோட்டை முட்டிக்கொண்டு வெளியே பாயும். மேல்கோட்டைத் தாண்டினால் வாங்க வேண்டும், கீழ்க்கோட்டைத் தாண்டினால் விற்க வேண்டும். மனுஷன் செய்தால் பயத்தில் கை நடுங்கும், அதனால் மெஷினிடம் விட்டுவிட்டேன் என்றான். இந்த ஒரு வேதத்தைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது, அதுதான் அதன் அழகு என்று வேறு சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ பாட்டுக்கு ஒரு நாள் ஜுரத்துல படுத்துட்டா? 'தருணு, இருக்கியா'ன்னு உன் மெஷின் வந்து கேக்குமா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

"அடுத்த வாரமே அதை எழுதிட்டான்க்கா" என்றான் ஷெர்வின். "காலைல ஒம்போதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி கேக்கும். 'இருக்கேன்'னு ஒரு பட்டன். அமுக்கினா எனக்கு இந்த மெசேஜ் வரும். பத்து நிமிஷம் யாரும் அமுக்கலன்னா, கைல இருக்கறதெல்லாம் வித்துட்டு அதுவே பூட்டிக்கும். திரும்பத் தொறக்கற பாஸ்வேர்டு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"பூட்டிக்கிட்டா பணம்?"

"அது அக்கவுண்ட்ல பத்திரமா இருக்கும், பேப்பர் குடுத்து வாங்கிக்கலாம். அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் ஆபத்து. பாத்துக்க ஆள் இல்லாம தன்பாட்டுக்கு ஓடும். ஆன்ட்டியோட பி.எஃப். காசும் அதுலதான் போட்டிருக்கான்." கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. தொடாம விட்டாப் போதும். ஆனா ரூம்ல யாரு இருக்காங்க?"

கிருத்திகா வீட்டுப் பக்கம் திரும்பினாள். அறையில் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"ஷெர்வின் சொல்லிட்டானா?"

"எத்தனை நாளாம்மா இதைப் பண்றே?"

"ரெண்டு வருஷமா. அவன் ஆபீசுக்குப் போனா மீட்டிங்கு, அது இதும்பான். எங்கிட்ட விட்டுட்டான். ஒம்போது, பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு. கேக்கும், அமுக்கணும். உங்கிட்ட சொன்னா கத்துவேன்னு சொல்லல."

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்கார்ந்தவள். ரிட்டயர் ஆன பிறகு மகன் அவளுக்கு மறுபடியும் ஒரு மணியை வாங்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டு வருஷமாக அம்மா மத்தியானத்தில் எங்கும் கிளம்பாததற்கும், பிரேசர் டவுனில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு வேளை தங்காமல் ஓடிவந்ததற்கும் காரணம் இப்போதுதான் கிருத்திகாவுக்குப் புரிந்தது.

"அம்மா, இன்னைக்கு அதை..."

"காலையில ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து உக்காரறேன், கேக்குது." அம்மாவின் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "இல்லைன்னு சொல்றதுக்கு அதுல பட்டன் கெடையாது கிருத்தி. பச்சை ஒண்ணுதான் இருக்குது."

கிருத்திகா கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வை அவன் உதறி எழுந்தபடியே சுருண்டு கிடந்தது. திரையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சின்ன நெளிவு மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. போய்விட்டான் என்று அதற்கு யார் சொல்வது? பன்னிரண்டரை தாண்டியதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. நெளிவு மேல்கோட்டை முட்டி வெளியே வந்திருந்தது. 'வாங்கியாச்சு' என்று ஓரத்தில் ஒரு வரி விழுந்தது, தருணின் பேச்சு எழுத்தாக வந்தது மாதிரி. அடுத்த அறையில் செத்துக் கிடக்கிறவன் கடையைத் திறந்து வியாபாரம் பண்ணுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

வாணியம்பாடியிலிருந்து சித்தப்பா சாமிநாதன் வந்து சேர்ந்தார். அப்பா இல்லாத குறைக்கு அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். வந்ததும் வராததுமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகு காலம்.

"ஒன்றரைக்குள்ள எடுத்துடணும். அண்ணிய வரச் சொல்லும்மா, வாய்க்கரிசி போடணும்" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அப்போது மணி ஒன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஒரு மணிக்குக் கேக்கும். அமுக்கிட்டு வரேன்" என்றாள் அம்மா.

"அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க. கடைசியா அவன் மொகத்தைப் பாக்க வேணாமா?"

அம்மா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இப்படி விட்டால் பிள்ளையின் வாயில் அரிசி போடாமலேயே உட்கார்ந்திருப்பாள், ஒன்று, மூன்று, ஐந்து என்று நாள் முழுக்க, நாளைக்கும். கிருத்திகாவுக்குப் பயம் வந்தது. பயத்தில்தான் பொய் சொன்னாள்.

"நீ போம்மா. நான் உக்காந்துக்கறேன்."

அம்மா அவள் முகத்தை நிறைய நேரம் பார்த்தாள். "நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன்."

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து, ஒருமுறைகூடத் திரும்பாமல் போனாள். கிருத்திகா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடாமல் விட்டால் போதும். உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

திரையின் நடுவில் ஒரு கட்டம் எழுந்தது.

'தருணு, இருக்கியா?'

எழுத்துக்கு எழுத்து அவள் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சலில் கேட்டுவிட்டு மறந்துபோனதை அவன் மறக்கவில்லை. நாள் தவறாமல் அவளையே கேட்க வைத்து, வீட்டில் ஒரு ஆளாக உட்கார வைத்திருக்கிறான். அவள் அக்காவாக இருந்து ஒருநாளாவது அப்படிப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாளா? இல்லை. மெஷின் கேட்டது. கீழே பச்சைப் பொத்தான், அதற்கும் கீழே பத்து நிமிஷம் குறைய ஆரம்பித்தது.

கூடத்தில் கண்ணாடி மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். காலையிலிருந்து எங்கே வைத்திருந்தாளோ, "என் ராசா" என்று அந்தக் கூடமே அதிர எழுந்தது. கூடவே மற்றப் பெண்களின் குரல்களும் சேர்ந்துகொண்டன. ஆறு நிமிஷம் இருந்தது.

"கிருத்திகா, நீயும் வந்து போடும்மா. நேரமாவுது" என்றார் சித்தப்பா.

எழுந்து போக வேண்டியதுதான். அவள் போனால் இது தானாக முடிந்துவிடும். ஆனால் கால் வரவில்லை. கேட்டுவிட்டு எழுந்துபோவது அவளுக்கு ஏற்கெனவே பழகிய காரியம், இன்னொரு முறை அதைச் செய்ய முடியவில்லை. மூன்று நிமிஷம். சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். யாரோ, "விடுங்க, அந்தப் பொண்ணால தாங்க முடியாது" என்றார்கள். ஒரு நிமிஷம். நாற்பது விநாடி. இருபது.

கிருத்திகா அமுக்கினாள்.

'சரி' என்று ஒரு சொல் வந்து, கட்டம் மறைந்தது.

ஜன்னல் வழியே சந்தில் வண்டி நிற்பது தெரிந்தது. தம்பியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பிடித்திருந்த ஷெர்வினின் சட்டைப் பையில் போன் ஒளிர்ந்தது. உடலை வைத்து முடித்ததும் அவன் போனை எடுத்துப் பார்த்தான். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வண்டி ஈஜிபுரா மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலில் துண்டு சுற்றிக்கொண்டு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. திரையைப் பார்த்தாள். கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அமுக்கினியா?"

"அமுக்கினேன்."

அம்மாவின் முகத்தில் நிம்மதி வரும் என்று கிருத்திகா எதிர்பார்த்தாள். வரவில்லை. அம்மா கட்டிலின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏண்டி அமுக்கின?"

"நீதானேம்மா பாத்துக்கச் சொன்ன."

"என்னால விட முடியாதுடி. கேட்டா கை தானாப் போவுது. நீ கல்நெஞ்சுக்காரி, நீ விட்டுடுவேன்னுதான் உன்னை உக்கார வெச்சுட்டுப் போனேன்."

விட்டுவிட வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள், இரண்டு பேராலும் முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் மூக்கும் கண்ணுமாக வந்தது. அம்மா அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள்.

"நீ வாய்க்கரிசி போடலையே கிருத்தி" என்றாள் பிறகு.

"இல்லம்மா."

"ம்."

அம்மா கட்டிலில் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து உதறி மடித்தாள். தலையணையைத் தட்டி வைத்தாள். பிறகு சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"மூணு மணிக்குக் கேக்கும். ரெண்டு பேருமா இருக்கலாம்."

வீட்டைக் கழுவத் தண்ணீர் இல்லை. அம்மா குளித்ததோடு தொட்டி காலி. டேங்கர்காரன் இதோ அதோ என்று இழுத்தடித்து, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தான். கூடத்தில் அன்னம்மாள் வாளியும் துடைப்பமுமாக இறங்கினாள்.

மூன்று மணிக்குத் திரையின் நடுவில் கட்டம் எழுந்தது. 'தருணு, இருக்கியா?'

அம்மா, கிருத்திகாவின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல் நோகும் அளவுக்குப் பிடித்திருந்தாள். கிருத்திகா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது நிமிஷம், எட்டு நிமிஷம். வாங்கி வைத்திருந்தது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று இருவரும் பார்க்கவில்லை.

கூடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. துடைப்பம் தள்ளிய தண்ணீரில் கொஞ்சம் கதவிடுக்கு வழியாக அறைக்குள் வந்து, தரையில் மெல்லப் பரவி, இரண்டு பேருடைய பாதங்களையும் நனைத்தது. யாரும் காலைத் தூக்கவில்லை. இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது.