எந்தப் பரவாயில்லை

பரவாயில்லை என்ற சொல்லைக் கண்டுபிடித்த புண்ணியவான் எதிரே வந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் பல வருடங்களாகக் காத்திருந்தார். அவர் மனைவி வாயில் அந்தச் சொல் வராத நாள் கிடையாது. புதுப் புடவை எப்படி என்றால் பரவாயில்லை. சோபா எப்படி என்றால் பரவாயில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதே பதில்தான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி அம்மா கேட்டபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னாளாம். அது எந்தப் பரவாயில்லை என்று கேட்கிற தைரியம் அவருக்கு இன்றுவரை வரவில்லை.

ஏனென்றால் அதில் இரண்டு ரகம் உண்டு. கொஞ்சம் இழுத்து, தலையை ஆட்டிச் சொன்னால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சட்டென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டால், பிடிக்கவில்லை, ஆனால் உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன் என்று அர்த்தம். இது புரிவதற்கே மனிதருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அந்தச் சோபாவில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததேயில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி வாடகை வீட்டில். கூட வேலை பார்ப்பவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவளுடைய நுரையீரல் கெட்டுப்போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். படியும் ஆகாது, தூசியும் ஆகாது. அவர் காதில் படி மட்டும்தான் ஏறியது. தொழில் புத்தி அப்படி.

கீழ்த்தளத்தில் வாடகைக்கு வீடு தேடாமல் இல்லை. போனில் எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் பின்னால் அவள் இருமுவாள். எதிர்முனையில் குரல் மாறிவிடும். "வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லையா?" என்பார்கள். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று அவர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வார். மறுநாள் கேட்டால், வீட்டை உறவுக்காரர் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். இப்படியே பல வீடுகள் கைநழுவின. கடைசியில், இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துச் சொந்தமாகவே ஒரு ஃபிளாட் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. சொந்த வீட்டில் இருமினால் எவன் கேட்பான்?

கைக்கு எட்டிய விலையில் லிஃப்ட் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. புதுக் கட்டடம், எட்டாவது மாடி, வாசலில் கண்ணாடிக் கதவு. உடற்பயிற்சி அறை உண்டு. தண்ணீர் விடாத நீச்சல் குளமும் உண்டு. அவருக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தார். பார்த்தார் என்றால், லிஃப்டைப் பார்த்தார். தளத்துக்குத் தளம் மட்டம் பிசகாமல் நிற்கிறதா என்று பார்த்தார். மூடுகிற கதவில் கையை நீட்டினார். மேலே ஏறி மோட்டார் அறையில் காதை வைத்துக் கேட்டார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இழுக்குமா என்று போட்டுக் காட்டச் சொன்னார். லிஃப்ட் தங்கம். அதற்கப்புறம் சமையலறையையும் படுக்கையறையையும் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு வீட்டுலயும் ஜன்னல் திறந்திருக்கலையே?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

"எல்லா வீட்டுலயும் ஏசி சார்" என்றார் புரோக்கர். "வசதியான ஆளுங்க."

"பின்னாடி அந்தத் தகர வேலி?"

"ஏதோ கோடவுன் சார். ஒரு சத்தம் கேக்குதா பாருங்க."

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோடவுனில்தான் சத்தம் கேட்கும்? அக்கம்பக்கத்தைப் பற்றி அவர் செய்த விசாரணை அதோடு முடிந்தது.

வேறொருவர் அதே வீட்டைக் கேட்கிறார், ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று புரோக்கர் கெடு வைத்தார். வீடு காலிதான், முன்பணம் கொடுத்த கையோடு சாவி வாங்கிக்கொண்டு குடியே வந்துவிடலாம், பத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நானும் வந்து பார்க்கிறேன்" என்றாள்.

"எப்படிம்மா? போன தடவை ஆஸ்பத்திரி போயிட்டு ஏறினது ஞாபகம் இல்லையா?"

"இறங்குறது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. ஏறுறதுதானே. வீடு பிடிச்சிட்டா எதுக்கு ஏறணும்? அங்கேயே பாயை விரிச்சுப் படுத்துக்கலாம்."

போன தடவை ஏறியது அவருக்கும் மறக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் உதடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு மேலே போனவள்தான், பிறகு தெருவையே பார்க்கவில்லை.

அவள் தம்பி டாக்ஸி ஓட்டுபவன். நாலைந்து டிரைவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். ஞாயிறு காலை அவன் காரோடு வந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் போட்டு அக்காவை உட்காரவைத்து உட்காரவைத்து இறக்கினார்கள். "மகாராணி சிம்மாசனத்தோடதான் கிளம்புவாங்க, வழி விடுங்க" என்று காலிப் படிகளைப் பார்த்துச் சொன்னான். அவள் சிரித்தாள், சிரித்த பாவத்துக்கு இருமினாள். அவள் தோளில் ஒரு பை தொங்கியது. மாத்திரை, மூச்சுக்கு வைக்கிற மருந்து மெஷின், இரண்டு புடவை. லிஃப்ட்காரர் பையைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்று பயந்தார்.

புதுக் கட்டடத்தின் லிஃப்டில் அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டு எண்கள் மாறுவதையே பார்த்தாள். எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது நம்பாதவள்போல் வெளியே காலை வைத்தாள்.

"ஏறினதே தெரியலைங்க" என்றாள். "மூச்சு அப்படியே இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேரை ஏற்றிவிட்டிருக்கிறார், இவளை ஒரு நாள்கூட ஏற்றியதில்லை. எப்பாடுபட்டாவது இந்த வீட்டை வாங்கிவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவே கட்டிவிட்டார்.

உள்ளே புரோக்கர் ஒவ்வொரு சுவராகப் புகழ்ந்துகொண்டு வந்தார். அவள் மெதுவாகச் சுற்றினாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள். படுக்கையறைக்குப் போனவள் மூடியிருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். விரலால் விளிம்பை ஒரு இழுப்பு இழுத்தாள், விரலைப் பார்த்தாள், முந்தானையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்ற லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லைங்க" என்றாள். உடனே புரோக்கர் பக்கம் திரும்பி, "தண்ணி எப்பவும் வருமா?" என்று கேட்டாள்.

"அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன சார்" என்று புரோக்கர் கையை நீட்டினார். "சாவி என்கிட்டயே இருக்கு."

லிஃப்ட்காரருக்கு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிடத்தான் ஆசை. பரவாயில்லை என்றுதானே சொன்னாள். உலகத்தில் எல்லாரும் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்களோ அதை நாமும் எடுத்துக்கொண்டால் என்ன? இத்தனை வருஷம் அகராதி படித்தது போதாதா? இப்படியெல்லாம் மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஆனால் காதில் விழுந்தது சோபாவுக்குச் சொன்ன பரவாயில்லை. விழுந்ததை விழவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அவர் ஜன்னலருகே போய்க் கொக்கியை இழுத்தார். வரவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டதும் திறந்துகொண்டது. மேல் சட்டத்திலிருந்து வெள்ளையாகப் பொடி கொட்டி அவர் சட்டைக் கையில் படிந்தது. கீழே தகர வேலிக்கு அந்தப் பக்கம், அடுக்கடுக்காகக் கல் பலகைகள், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ரம்பம். கல் அறுக்கிற பட்டறை. பட்டறையின் கூரை வெள்ளை, லாரி வெள்ளை. வேலியோரம் நின்ற மரத்தில் ஒரு இலைகூடப் பச்சை இல்லை.

"கோடவுன்னு சொன்னீங்களே" என்றார்.

"கல்லு வெச்சிருக்கிற கோடவுன்தானே சார்" என்றார் புரோக்கர், முகம் கொஞ்சமும் மாறாமல். "ஜன்னலை மூடிட்டா ஒண்ணுமே தெரியாது."

மூடியிருந்த ஜன்னலின் உள்பக்கத்துத் தூசிதான் அவள் விரலில் ஒட்டியது. டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் இப்போதுதான் அவர் காதில் ஏறியது. மோட்டார் சத்தத்தைக் கேட்கத் தெரிந்த தனக்கு, இரண்டு ஞாயிறு வந்தும் இந்த ஜன்னலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"இது வேண்டாம்" என்றார்.

அவள் ஓடி வந்ததுபோல் மூச்சு வாங்கினாள். "என்னங்க, நான்தான் பரவாயில்லைன்னு சொன்னேனே."

"நீ சொன்னது எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும் உங்களுக்கு?" அவள் அப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதேயில்லை. "நான் இன்னொரு தடவை அந்தப் படி ஏற மாட்டேங்க. என்னால ஆகாது. ராத்திரியெல்லாம் அந்தப் படியைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். இங்க ஜன்னலை மூடிக்கிறேன், துணி வெச்சு அடைச்சுக்கிறேன். கீழ போய் நாலு மனுஷங்க முகத்தைப் பார்ப்பேன். அது போதும் எனக்கு. வாங்கிடுங்க."

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது. அவளிடம் சொல்வதற்கு வேறு வீடு எதுவும் அவரிடம் இல்லை.

"இங்க விட்டா ஒரு வருஷத்துல நீ எனக்கு இருக்க மாட்ட" என்றார். "படின்னா நான் தூக்குவேன். இந்தத் தூசியை நான் எப்படித் தூக்குறது?"

புரோக்கர் கெடுவை இன்னொரு தடவை நினைவுபடுத்தினார், பிறகு அந்த இன்னொருவருக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனார். அந்த இன்னொருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறையோ என்னவோ.

காரில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடை, பள்ளிக்கூடம், சாலையைக் கடக்கிற ஜனங்கள் என்று எதையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி எப்போது பார்க்கக் கிடைக்குமோ என்று அவள் பார்ப்பது அவருக்குப் புரிந்தது. தம்பி சுற்று வழியாகவே ஓட்டினான்.

அவர்கள் தெரு திரும்பும்போது அவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நல்லா இல்லைங்க அந்த வீடு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள போனதுமே தொண்டை அரிச்சுச்சு. நல்லாவே இல்லை."

இத்தனை வருட வாழ்க்கையில் ஒன்றை நல்லா இல்லை என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

கட்டடத்து வாசலில் அவள் நின்று மேலே பார்த்தாள். முதல் திருப்பம் வரைக்கும்தான் வெளிச்சம் இருந்தது. தம்பி டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்தான். இந்தத் தடவை மகாராணி ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"தூக்கிக்கட்டுமா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"உங்க முதுகு என்னத்துக்கு ஆகும்? முடியற வரைக்கும் நடக்கிறேன்."

"முடியுமாம்மா?"

"பரவாயில்லைங்க" என்றாள் சட்டென்று. உடனே தம்பியைப் பார்த்து, "நீ காலையில ஏதாவது சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

அது எந்தப் பரவாயில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் இடுப்பில் கையைக் கொடுத்து முதல் படியில் ஏற்றினார். தம்பி நாற்காலியோடு முன்னால் போனான்.